குழாய் கடிக்குது!

"அம்மா! குழாய் என்னைக் கடிச்சிடுச்சு!"

துண்டைச் சுற்றிக்கொண்டு குளியலறையிலிருந்து பாய்ந்து வந்தாள் புலி.

புலி என்பது அவளுடைய பெயர் இல்லை. ஒருநாள் மொட்டைமாடியில் கொழுத்த பூனை ஒன்றைப் பார்த்துவிட்டு, "புலி! புலி!" என்று தெருவையே கூட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. ஒன்றைப் பத்தாகச் சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்பதும் உண்மைதான்.

"குழாய்க்கு எப்போடி பல்லு முளைச்சது?" என்று கேட்டாள் அம்மா.

"விளையாடலைம்மா! தொட்டதும் சுரீர்னு கரண்ட் அடிச்சுது. தோள் வரைக்கும் இழுத்துது!"

அப்பா போய்க் குழாயைத் திறந்தார், மூடினார். "ஒண்ணுமே இல்லையே. போன வாரம்தான் ஹீட்டருக்கு நானே புது பிளக் மாட்டினேன். ராஜா மாதிரி ஓடுது."

அம்மாவும் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அண்ணன் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, கடிக்குதே!" என்று துடிப்பதுபோல் நடித்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

புலிக்கு அழுகை முட்டியது. விரல்கள் இன்னும் மரத்துக் கிடந்தன. மூன்று பேர் தொட்டும் ஒன்றும் ஆகவில்லை. தன்னை மட்டும் எப்படி அடிக்கும்?

உடை மாற்றிக்கொண்டு வந்தவள், ஈரத் தரையில் மூவர் நடந்த தடங்களைப் பார்த்தாள். எல்லாமே செருப்புத் தடங்கள். அவளுடைய செருப்பின் வார் முந்தாநாள்தான் அறுந்தது. அவள் மட்டும்தான் வெறுங்காலோடு குளிக்கப் போனாள். ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது என்று வகுப்பில் டீச்சர் சொன்னது சட்டென்று நினைவுக்கு வந்தது.

அப்போது அம்மா குட்டித்தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "வாடா செல்லம், குளிக்கலாம்."

குட்டித்தம்பிக்கு ஒன்றரை வயது. இறக்கிவிட்டதும் நேராகப் போய்க் குழாயைத்தான் பிடிப்பான். புலி அவனுடைய கால்களைப் பார்த்தாள். வெறுங்கால்!

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, வெளியே இருந்த ஹீட்டர் சுவிட்சை அணைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் விரித்து வாசலை மறித்து நின்றாள்.

"தம்பியை உள்ள விடமாட்டேன்!"

"தள்ளுடி, தண்ணி ஆறிடும்."

"உங்க மூணு பேர் கால்லயும் ரப்பர் செருப்பு இருக்கும்மா. என் கால்ல இல்லை. தம்பி கால்லயும் இல்லை!"

அம்மா குனிந்து தன் செருப்பையும் குட்டித்தம்பியின் வெறுங்காலையும் பார்த்தாள்.

"அவ்வளவுதானே? செருப்பில்லாம தொட்டுப் பார்த்துட்டா போச்சு," என்று அப்பா சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு செருப்பைக் கழற்றினார்.

"கழட்டாதீங்கப்பா!"

அந்த அலறலில் அப்பாவே ஆடிப்போனார். சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு சுவிட்சை அணைத்தார்.

"எலக்ட்ரீஷியன் அக்காவைக் கூப்பிடலாம்ப்பா. அவங்ககிட்ட டெஸ்டர் இருக்கு."

அடுத்த தெருவிலிருந்து எலக்ட்ரீஷியன் அக்கா வந்தார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். தடித்த ரப்பர் காலணியோடு உள்ளே போய், ஹீட்டரைப் போடச் சொல்லிவிட்டு, டெஸ்டரின் முனையைக் குழாயில் வைத்தார்.

டெஸ்டருக்குள் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அண்ணன் திறந்த வாயை மூடவில்லை. அம்மா குட்டித்தம்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

அக்கா மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றித் திறந்து பார்த்தார். "இந்தப் பச்சை ஒயரை யாரு வெளியில விட்டது?"

"நான்தான்," என்றார் அப்பா, மெல்ல. "அது எட்டலை. ரெண்டு ஒயர்லயே ஓடுச்சேன்னு டேப் சுத்தி விட்டுட்டேன்."

"நல்ல வேலை பார்த்தீங்க! கசியுற கரண்டைத் தரைக்குக் கொண்டுபோறதே அந்த ஒயர்தான் சார். அது இல்லைன்னா தொடுறவங்க உடம்பு வழியாப் போகும்."

பிறகு ஹீட்டரில் இருந்த தண்ணீரை வடித்து, உள்ளே இருந்த சூடாக்கும் கம்பியை வெளியே எடுத்தார். உப்புப் படிந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. நடுவில் ஒரு வெடிப்பு.

"இது வழியாத்தான் தண்ணியில கரண்ட் இறங்கியிருக்கு. செருப்பில்லாம இந்தக் குழந்தை தொட்டிருந்தா..." அக்கா குட்டித்தம்பியைப் பார்த்தார்.

புதுக் கம்பி வந்தது. பச்சை ஒயர் தன் இடத்துக்குப் போனது. ஹீட்டரைப் போட்டுக் குழாயில் டெஸ்டரை வைத்தபோது விளக்கு எரியவே இல்லை.

"இனிமே பயமில்லை. தாராளமாத் தொடலாம்," என்றார் அக்கா.

ஒருவரும் அசையவில்லை.

கடைசியில் அப்பாதான் முன்னால் வந்தார். குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் அவர் கை நின்றுவிட்டது. திரும்பிப் புலியைப் பார்த்தார். அவர் முகத்தில் கேலி துளிகூட இல்லை.

"நீ சொல்லும்மா. தொடலாமா?"

புலிக்கு நம்பவே முடியவில்லை. அப்பா தன்னையா கேட்கிறார்? அம்மாவும் அண்ணனும்கூட அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் அவசரப்படவில்லை. "அக்கா, இன்னொரு தடவை டெஸ்டரை வச்சுக் காட்டுங்க," என்றாள். அக்கா சிரித்துக்கொண்டே வைத்துக் காட்டினார். புலி குனிந்து உற்றுப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை.

"தொடலாம்ப்பா," என்றாள்.

அதற்குப் பிறகுதான் அப்பா குழாயில் கை வைத்தார்.