மார்லிஸ் ஊதாத விசில்

"அந்த விசிலை நீங்க ஊதியிருக்கவே கூடாது!"

மார்லிஸ் நிமிர்ந்தாள். பக்கத்து மேஜையில் ஒருவன்... மழையில் நனைந்த தலைமுடி, குறும்பு வழியும் சாம்பல் நிறக் கண்கள். இண்டியானாவின் அந்த நெடுஞ்சாலை உணவகத்துக்கு வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

அன்று மாலை கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்தின் கடைசி நொடியில், நடுவரான அவள் விசில் ஊதி உள்ளூர் அணிக்கு எதிராக ஒரு ஃபவுல் கொடுத்திருந்தாள். அதனால் அந்த அணி தோற்றது. அரங்கமே அவளைத் திட்டித் தீர்த்தது. இப்போது இவன் வேறா...

"பந்தோட ஓடினவனோட இடுப்புல, தடுக்க வந்தவன் கை வச்சான். விதிப்படி ஃபவுல். உங்களுக்கென்ன வந்துச்சு?"

"கை வச்சான், சரி. ஓடினவன் தடுமாறினானா? வேகம் குறைஞ்சுதா? இல்லையே! எங்க லீக்ல அதை விட்டுடுவோம்."

"எங்க லீக்கா?"

"என் பேர் ராய்ஸ். தொழில்முறை ஆட்டத்துல நடுவர்."

"ஓ... நட்சத்திர ஆட்டக்காரங்களைப் பார்த்தா விசிலை முழுங்கிடுற கூட்டமா?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பாழாய்ப்போன சிரிப்பு... அவள் கோபம் எங்கோ நழுவியது.

"எங்களோடது சின்னப் பசங்க சார். முதல் தள்ளலையே நிறுத்தலேன்னா அடுத்தது அடிதான்."

"நிறுத்திக்கிட்டே இருந்தா ஆட்டம் எங்கே மேடம்? தொட்டானான்னு பார்க்காதீங்க. தொட்டதால என்ன ஆச்சுன்னு பாருங்க."

மழை விடவில்லை. பேச்சும் விடவில்லை.

குளிர்காலம் முழுவதும் ஆட்டங்களுக்கு நடுவே சந்தித்தார்கள், சண்டை போட்டார்கள். 'நீங்க' எப்போது 'நீ' ஆனதென்று இருவருக்கும் தெரியாது. காதல் என்ற சொல்லை மட்டும் யாரும் எடுக்கவில்லை. முதலில் சொல்பவர் தோற்றவர் என்று இருவருக்குமே ஒரு வீம்பு...

கோடையில் தொழில்முறை நடுவர் தேர்வுக்கு அவளுக்கு அழைப்பு வந்தது.

"அங்கேயும் உன் காலேஜ் விசிலை ஊதித் தொலைக்காதே. பொறு" என்றான் ராய்ஸ்.

பொறுத்தாள். தேர்வு ஆட்டத்தில் ட்ரெவின் என்ற இளைஞனை ஒரு தடுப்பாளன் தள்ளினான். விசில் உதட்டில் இருந்தது. ட்ரெவின் தடுமாறவில்லை... விட்டுவிட்டாள். மறுபடி தள்ளினான். அதையும் விட்டாள். தடுப்பாளனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அடுத்த முறை, கூடையை நோக்கி எம்பிய ட்ரெவினை அந்தரத்திலேயே இடித்தான்.

அவள் ஊதினாள். ஆனால் ட்ரெவினின் அலறலில் விசில் கேட்கவில்லை.

முழங்கால் சிதைந்துவிட்டது, இனி ஆட முடியாது என்றார்கள் மருத்துவர்கள். அவள் விட்ட இரண்டும் சரியான முடிவுகள் என்றது தேர்வுக் குழு. அவளைத் தேர்ந்தெடுத்தும் விட்டது!

மார்லிஸ் அந்த வேலைக்குப் போகவில்லை. ராய்ஸின் அழைப்புகளையும் எடுக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு தூறல் நாள். மருத்துவமனை வாசலில் குடையோடு நின்றவளைத் தேடி ராய்ஸ் வந்துவிட்டான்.

"இங்கே என்ன பண்றே மார்லிஸ்?"

"ட்ரெவினைச் சிகிச்சைக்குக் கூட்டிட்டு வருவேன். அவங்க அம்மாவுக்கு வேலை."

"நீ தப்பே பண்ணல. நானா இருந்தாலும் அந்த ரெண்டையும் விட்டிருப்பேன்."

"தெரியும். நீ விட்டிருப்பே. நான் ஊதியிருப்பேன் ராய்ஸ்... நான் நானா இருந்திருந்தா."

அவன் முகம் வெளுத்தது. "அப்போ தப்பு என்னோடது."

"இல்ல. நீ உனக்குத் தெரிஞ்சதைச் சொன்னே. ரெண்டு தடவையும் எனக்கு ஊதணும்னுதான் தோணுச்சு. நீ பார்த்தா என்ன சொல்வியோன்னு..." குரல் உடைந்தது. "உனக்குப் பிடிக்கணும்னு பொறுத்தேன். அவ்வளவு காதலிச்சேன் உன்னை. இப்பவும்தான்... என்ன பண்ணட்டும், சொல்லு?"

எத்தனை மாதமாய் ஏங்கிய சொல்! அது இப்படியா வர வேண்டும்...

"நானும்தான் மார்லிஸ். முதல் நாள்லேருந்து."

"தெரியும்" என்றாள். கண்கள் நிரம்பி வழிந்தன. "ஆனா உன் முகத்தைப் பார்த்தாலே அவன் அலறல்தான் கேக்குது. போயிடு ராய்ஸ்... ப்ளீஸ்."

கதவு திறந்தது. ஊன்றுகோல்களோடு ட்ரெவின் வந்தான். அவள் அவசரமாய்க் கண்களைத் துடைத்துக்கொண்டு, குடையை அவன் தலைக்கு மேல் பிடிக்க ஓடினாள்.