மருந்தில் ஒரு குடம் தண்ணீர்

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம். இசக்கியம்மாள் வீட்டு வாசலில் டம்ளரோடு நின்றவர்களே தம் வாயால் சொன்ன சங்கதி.

2071-இல் காய்ச்சல்காரருக்கு மருந்து கொடுப்பது பழைய பழக்கமாகிவிட்டது. மருந்து உண்ணிக்குத்தான். கண்ணுக்கே தெரியாத புதர் உண்ணி கடித்தால்தானே உண்ணிக் காய்ச்சல்? அதன் உடம்பிலிருக்கும் கிருமியைக் கொன்றுவிட்டால், அது பாட்டுக்குக் கடித்துவிட்டுப் போகட்டும். அதற்கென்றே வந்தது ‘உண்ணிவைத்தியன்’: புதர்களின்மேல் பறந்து மருந்துப் பனி தூவும் இயந்திரம்.

கருங்காலிக்குளம் ஊருக்கு வருஷத்துக்கு ஒரு கேன் மருந்து. தெருவோ இரண்டு. எந்தத் தெருப் புதருக்கு என்று அரிவாளைத் தூக்கிவிட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவி இசக்கியம்மாள் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, ஒரு கேனை இரண்டு கேனாக்கினாள்.

“செறிவு பாதி. கிருமி சாகாது, பழகும்,” என்றது உண்ணிவைத்தியன்.

“சும்மா கெட. இவனுவ வெட்டிக்கிட்டா நீயா வந்து வெலக்குவ?”

சண்டை நின்றது. மூன்று வருஷமும் அதே குடம், அதே தண்ணீர். ‘நியாயஸ்தி’ என்று பட்டம் வேறு கொடுத்தார்கள்.

உண்ணியோ தன் கிருமியை முட்டை வழியாகப் பிள்ளைகளுக்குச் சீதனம் கொடுக்கும் சாதி. அரை மருந்தில் பிழைத்த கிருமி தலைமுறை தலைமுறையாகத் தேறிக்கொண்டிருந்தது.

நாலாம் வருஷப் புரட்டாசியில் இசக்கியம்மாளின் ஒரே மகள் முப்பிடாதி படுத்தாள். அக்குளில் பீடி நெருப்புச் சுட்டதுபோல் கறுப்பு வடு. வெட்கப்பட்டு நாலு நாள் மறைத்திருந்தாள். அதே மருந்தின் மாத்திரைக்குக் காய்ச்சல் அசையவில்லை. ஒரு சொட்டு ரத்தம் வாங்கிப் பார்த்த ‘நோய்காணி’ இயந்திரம் சொன்னது: “இந்தக் கிருமிக்கு இந்த மருந்து பழைய சிநேகம்.”

புது மருந்து ஒன்று இருந்தது. தலைநகரிலிருந்து ஒரே ஒரு குப்பி வந்தது. ஓர் ஆளுக்கான அளவு. அதற்குள் இரண்டு தெருவிலுமாகப் பதினோரு பேர் படுத்திருந்தார்கள்.

இசக்கியம்மாள் குப்பியை மடியில் செருகிக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள். வாசலில் செருப்புச் சத்தம். ஊரே நின்றது, இரண்டு தெருவும் கலந்து, தோளோடு தோள். ஆளுக்கொரு டம்ளர்.

“குப்பி வந்துட்டாம்லா தலைவரம்மா?” என்றாள் கீழத்தெருச் செல்லக்கனி. “நாங்க என்ன சண்டைக்கா வந்தோம்? வழக்கம்போல கலந்திருங்க.”

“ஒருவருக்குக் கொடுத்தால் ஒருவர் பிழைப்பார். பகிர்ந்தால் ஒருவரும் பிழைக்கமாட்டார்,” என்றது நோய்காணி.

“அது கெடக்கு,” என்றார் மேலத்தெருச் சங்கிலிமாடன். “ஒங்க நியாயம் எங்களுக்குத் தெரியாதா?”

உள்ளேயிருந்து முப்பிடாதி முனகினாள்: “யம்மா, எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைய்யி.”

இசக்கியம்மாள் மகளைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு குடத்தை எடுத்தாள். ஒரு சொட்டும் கூடாமல் குறையாமல் எல்லோருக்கும் ஊற்றினாள். படுத்தவர்களுக்கு மட்டுமல்ல, இனிமேல் படுக்கப்போகிறவர்களுக்கும்.

அந்த வாசலில் நின்றவர்களில் ஒருவர்கூட ஐப்பசியைத் தாண்டவில்லை.