சுவர் இறுகும் நேரம்

சுவருக்குப் பூச்சுப் போடும் நாளில் வன்னியில் இப்போது யாரும் சண்டை பிடிப்பதில்லை. வீட்டுக்காரர்கள் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு ஈரச் சுவருக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். எழுதி வைத்த தாளைப் பார்த்து, இனிப் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளுக்கு அன்பாக நாலு வார்த்தை சொல்கிறார்கள். சுவர் பூசும் மேசன்மார் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

எல்லாம் ஒலிமீட்பி என்ற கருவி வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம். ஈரச் சாந்து இறுகும் அந்த ஐந்து மணிநேரத்தில் பக்கத்தில் எழும் ஒவ்வோர் ஒலியும் அதற்குள் நுண்ணிய அதிர்வாகப் பதிந்து உறைந்துவிடுகிறது. உள்ளங்கை அகலமான அந்தக் கருவியைச் சுவரில் ஒட்டினால் அடுக்கடுக்காக அதைப் படித்துத் திரும்ப ஒலிக்கும். பூசிய அன்று பேசியது மட்டும்தான் கிடைக்கும். அடுத்த நாள் அந்த அறையில் உலகமே இடிந்து விழுந்திருந்தாலும் சுவருக்குத் தெரியாது.

நிறைமதிக்கு அந்தக் கருவிதான் தொழில். பதினொரு வருடங்களாக இடிந்த வீடுகளுக்குள் புகுந்து, போரில் செத்துப்போனவர்களின் குரல்களை எடுத்து அவர்களுடைய பிள்ளைகளிடம் கொடுத்து வந்தாள். அதிகமும் அப்பாக்களின் குரல்கள். தன் அப்பாவின் குரலை மட்டும் அவள் எடுக்கவில்லை.

அவளுடைய அப்பா ஜெயசீலனும் மேசன்தான். கலியாணம் கட்டிக் குடியேறிய வீட்டைத் தன் கையாலேயே கட்டியவர். கடைசி அறைக்குப் பூச்சுப் போட்டபோது நிறைமதிக்கு நாற்பது நாள். அதன்பின் ஏழாம் மாதம், இடம்பெயர்ந்த இடத்தில் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது ஷெல் விழுந்தது. அப்பாவின் உயிர் அங்கேயே போனது. அதே ஷெல்லில் அம்மா புஸ்பமலரின் இரண்டு காதுகளும் போயின. நரம்பே செத்துவிட்டதால் பிற்காலத்தில் வந்த எந்தக் கருவியும் அம்மாவுக்கு உதவவில்லை.

அம்மாவோடு பேச வேண்டுமென்றால் முகத்துக்கு நேரே நின்று உதட்டைக் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் நிறைமதி வளர்ந்தாள். ஒன்பது வயதில், பொழுதுபட்டதும் பக்கத்து வளவு வேலியோரம் போய் நிற்பாள். அந்த வீட்டுத் தகப்பன் வேலையால் வந்து பிள்ளைகளை அதட்டிப் பேசுவதைக் கேட்பதற்காக. தன்னையும் ஒருவர் அப்படிப் பேசினால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

"அப்பாட குரல் எப்பிடியம்மா இருக்கும்?"

"நல்ல குரல்" என்பாள் அம்மா. அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

முப்பது வயதில் மகிழ்நன் என்ற ஒருவனோடு நான்கு வருடம் வாழ்ந்தாள். தாழ்ந்த, கனத்த குரல் அவனுக்கு. போகும்போது அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நான் சொல்லுறது ஒண்டையும் நீ கேக்கிறேல்லை, மதி. என்ர குரலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாய்." அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்திருந்ததால் மறிக்கவில்லை.

அப்பா பூசிய அந்த அறையின் ஒரு சுவர் மட்டும் பழைய ஊரில், பற்றைக்குள் நின்றுகொண்டிருந்தது. கேட்டுவிட்டால் அதோடு முடிந்துவிடும். கேட்காத வரைக்கும் அப்பாவுக்கு அவளிடம் சொல்ல ஏதோ மிச்சம் இருக்கிறது. அந்த நினைப்போடுதான் இத்தனை காலம் போனது. அவளுக்கு ஐம்பது வயதான ஆண்டு, பக்கத்திலுள்ள வாய்க்காலை அகலப்படுத்துகிறார்கள், சுவர் இரண்டு கிழமையில் இடிபடும் என்று கடிதம் வந்தது.

காலை பத்து மணிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். மடக்குக் கதிரையை விரித்து அம்மாவை நிழலில் இருத்திவிட்டுப் பாசியைச் சுரண்டிக் கருவியை ஒட்டினாள்.

முதலில் சாந்து பூசும் அகப்பை சுவரில் உரசும் சத்தம். பிறகு மிக அருகில், ஓர் இளம்பெண்ணின் குரல்: "உஷ்... கதையாதேங்கோ. பிள்ளை இப்பத்தான் கண்ணயருது."

அது அம்மா. இருபத்து நான்கு வயது அம்மா.

அதன்பிறகு நான்கு மணி நேரத்துக்கு அப்பா வாய் திறக்கவில்லை. நிறைமதி வேகத்தைக் கூட்டிக்கூட்டிக் கேட்டாள். உரசல், வாளி வைக்கும் சத்தம், ஒரு செருமல், மறுபடி உரசல். மகள் தூங்க வேண்டுமென்று ஒரு மனிதன் மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்திருக்கிறான்.

ஐந்தாம் மணி முடியும் தறுவாயில் குழந்தை வீரிட்டது. காலடிகள் நெருங்கின. பிறகு அவர் பேசினார்.

ஆனால் அதற்குள் சுவர் ஏறத்தாழ இறுகிவிட்டிருந்தது. இறுகும் சாந்து முதலில் மெய்யெழுத்துகளைத்தான் விழுங்கும் என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தது. மெய் போய் உயிர் மட்டும் மிஞ்சிய குரல் அது. ஆ, ஓ, உ என்று ஏறியும் இறங்கியும் நீண்டது. ஒரு சொல்கூட விளங்கவில்லை. நாலு நிமிடம் அவர் அவளோடு பேசியிருந்தார். நடுவில் ஒரு தடவை சிரித்தும் இருந்தார்.

நிறைமதி நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு கேட்டாள். சொல் இல்லாத அந்தக் குரலே போதும் போலிருந்தது. அவள் வேலியோரம் நின்று தேடிய சத்தம் இதுதான்.

அம்மா எழுந்து வந்து அவள் தோளைத் திருப்பினாள். "கதைக்கிறாரோ?"

"ஓமம்மா."

"என்ன சொல்லுறார்?"

"விளங்கேல்லை. சுவர் இறுகீற்றுது."

"அந்தச் சொல்லுப் போடுறதைப் போடன், பிள்ளை."

சொல்நிரப்பியைத்தான் அம்மா கேட்டாள். அழிந்த இடங்களில், இதுவரை மீட்ட இலட்சக்கணக்கான பேச்சுகளைப் பார்த்து, பொருந்தக்கூடிய சொற்களை ஊகித்துத் திரையில் எழுதும் நிரல் அது. வாடிக்கையாளர் எல்லாரும் கேட்டு வாங்குவது. ஒருமுறை வாசித்துவிட்டால் காதும் அதன்படியே கேட்கத் தொடங்கிவிடும். "இப்ப வடிவாய்க் கேக்குது, அக்கா" என்று எத்தனையோ பேர் அவள் கையைப் பிடித்து அழுதிருக்கிறார்கள்.

"வேண்டாமம்மா. அது சும்மா ஊகம்."

"எனக்கு அந்தச் சத்தமும் இல்லையே, மதி" என்றாள் அம்மா. "அண்டைக்கு நான்தான் அவரைக் கதைக்க வேண்டாமெண்டனான். பிள்ளை எழும்பேக்க நான் கிணத்தடியில. என்ன சொன்னாரெண்டு நான் அறிய வேண்டாமே?"

நிறைமதி நிரலை இயக்கித் திரையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, எழுத்து தன் கண்ணில் படாதபடி வேலிப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

காது கேளாதவர்கள் தாழ்ந்த குரலில் வாசிப்பதில்லை. அம்மா ஊருக்கே கேட்கும்படி வாசித்தாள்.

"என்ர குஞ்சு, ஏன் அழுறாய்? அப்பா இஞ்சதானே நிக்கிறன். இது உன்ர வீடு. நீ வளந்து இதுக்குள்ள ஓடித் திரியேக்க அப்பா பாத்துக்கொண்டிருப்பன்..."

போன மாதம் ஓர் ஆசிரியையின் அப்பாவும் இதே நிரலில் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். அதற்கு முன்பு ஒரு சாரதியின் அப்பா. நிறைமதி காதைப் பொத்தினாள். பிந்திவிட்டது.

"பாரன்" என்று அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "எவ்வளவு வடிவாய்க் கதைச்சிருக்கிறார் மனுசன்."

அவளுடைய முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரியும்படி, "ஓமம்மா. வடிவாய்க் கதைச்சிருக்கிறார்" என்றாள் நிறைமதி.

அம்மாவை வண்டியில் ஏற்றிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்து, நிரலை நிறுத்தி, வெறும் ஒலியை மட்டும் மறுபடி போட்டாள். ஆவையும் ஓவையும் தேடினாள். இல்லை. என்ர குஞ்சு, ஏன் அழுறாய் என்று சுவர் ஓர் எழுத்துப் பிசகாமல், மிகத் தெளிவாகச் சொன்னது.