மஞ்சள் கதவு

வேலைச் சங்கு ஊதி ஓய்ந்ததும், ஒச்சம்மா தன் வீட்டு வாசலில் நின்று மூச்சளவிக்குள் ஒரு தரம் ஊதினாள். ஊதினால்தான் கதவு திறக்கும். நிலாவில் நிலம் கொட்டிக் கிடக்கிறது, காற்றுதான் இல்லை. அதனால் அங்கே வீட்டு வரி நிலத்துக்கு இல்லை, அடைத்து வைத்த காற்றுக்கு. எந்த வீட்டுக்குள் எத்தனை மூச்சு போகிறது, எத்தனை திரும்பி வருகிறது என்று நகர மன்றத்துக்குத் தெரிந்தாக வேண்டும். பிறந்த பிள்ளைகூட மூன்றாம் நாளே மூச்சளவியில் வாய் வைத்துப் பதிவாகிவிடும். செருப்பைக் கழற்றுவது மாதிரி ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

அன்றைக்கும் கதவு திறந்தது. ஆனால் காலையில் பச்சையாக விட்டுப்போன கதவு மஞ்சளாக நின்றது. பச்சை என்றால் குடியிருப்பு. மஞ்சள் என்றால் வணிகம்.

உள்ளே அவள் புருஷன் வீரணன் சுவரில் ஓடிய அறிவிப்பைப் படித்துவிட்டு இடி விழுந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். வரி மூன்று மடங்கு. அதைக்கூட தினமும் இன்னொரு வேளை சுரங்கத்தில் இறங்கிக் கட்டிவிடலாம். அதற்கு அடுத்து எழுதியிருந்ததற்குத்தான் வழியே இல்லை. வணிக இடத்தில் யாரும் படுத்துறங்கக் கூடாது. பத்து நாளில் வீரணன் ஆண்கள் கூடத்துக்கும், ஒச்சம்மா பெண்கள் கூடத்துக்கும், மகள் சிந்தாமணி பாசித்தொட்டிகளை ஒட்டிய பிள்ளைகள் விடுதிக்கும் போய்விட வேண்டும். பன்னிரண்டு வருஷம் தனித்தனிக் கூடத்தில் தொங்கல் படுக்கையில் கிடந்து, பாறைத்தூள் அள்ளி அள்ளி வாங்கிய ஒற்றை அறை அது. மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே தூங்க ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் முதல் சங்குக்கே ஒச்சம்மா நகர மன்றத்தில் போய் நின்றாள். துணைக்கு எதிர்வீட்டுச் சவரிமுத்து. சுரங்கக் கிடங்கில் வேலை பார்ப்பவன், மனு எழுதுவதில் சூரன். அங்கே வழக்குக் கேட்பது மனிதர் இல்லை, மதிப்பாளி. இடுப்பளவு உயரத்தில், உருளைக் கால் வைத்த இயந்திரம். அது காரணங்களை வரிசையாக ஒப்பித்தது. அந்த அறையில் மாலையானால் சராசரி பதினான்கு பேர் மூச்சு விடுகிறார்கள். ஒரு மாலைக்கு நாலாயிரம் சொல் பேசுகிறார்கள், அறுபது தடவை சிரிக்கிறார்கள். உள்ளே காலெடுத்து வைக்கும் ஒவ்வொருவரையும் சாப்பிட்டாயா என்று கேட்டு, பதில் வருவதற்குள் தட்டு வைக்கப்படுகிறது. ஆகவே அது சாப்பாட்டுக் கடை.

"எங்க வீட்டுல ஒருத்தரும் காசு குடுத்துச் சாப்பிட்டதில்லைய்யா" என்றாள் ஒச்சம்மா.

"விலை வாங்காதது உங்கள் தொழிலின் திறமைக்குறைவு, அம்மணி. அது வகையை மாற்றாது."

சவரிமுத்து அவள் காதோரம் குனிந்து, "ஒன் கொழம்புக்கு நான் காசு கேப்பேன்க்கா, தர மாட்டேன்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருந்தால் அதையும் எண்ணியிருக்கும்.

"அப்ப வீடுன்னா எதுதான்? அதைச் சொல்லு" என்று கேட்டுவிட்டாள்.

மதிப்பாளி அதற்கென்றே காத்திருந்தது மாதிரி சுவரில் ஒளி பாய்ச்சியது. வீடு எது என்று அதற்குச் சொந்தமாகத் தெரியாது. பூமியிலிருந்து, இருநூறு வருஷத்துக்கு முந்தைய மூவாயிரம் வீடுகளின் பதிவுகளைக் கொடுத்து, இவைதான் வீடு, பார்த்துக்கொள் என்று படிக்க வைத்திருந்தார்கள். சான்று வீடுகள் என்று அவற்றுக்குப் பேர். அதில் ஒன்றைக் காட்டியது.

ஒரு கூடம். நாலு பேர், நாலு மூலை. ஆளுக்கொரு ஒளிப்பலகை உள்ளங்கையில் இருந்தது. தலைகள் கவிழ்ந்திருந்தன. கட்டைவிரல் மட்டும் மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தது. வெளியாள் ஒருவன் பையில் சோறு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான். ஆளுக்கு ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு பழைய மூலைக்கே திரும்பினார்கள். அதில் ஒரு பெண்பிள்ளை பலகையைப் பார்த்துத் தனியாகச் சிரித்தது. என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒச்சம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "யாரும் செத்துட்டாங்களாய்யா அந்த வீட்டுல?"

"இல்லை அம்மணி. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை."

மேல்முறையீடு செய்தால் பத்தாம் நாள் நேரில் வந்து பார்ப்பேன் என்றது மதிப்பாளி. அங்கேயே மனு எழுதிக் கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் சவரிமுத்து தரையில் கால் படாமல் துள்ளினான். நிலாவில் அது சுலபம்தான் என்றாலும் இது வேறு துள்ளல். அவனுக்கு வழி கிடைத்துவிட்டது. அவங்க உட்கார்ந்த மாதிரி நாமளும் உட்கார்ந்து காட்டிட்டாப் போச்சு என்றான்.

கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய கைப்பலகைகளைத் தூசி தட்டி எடுத்து வந்தான். ஆவணக்காப்பகத்தில் கிடந்த பூமிக்காலத்துக் குறும்படங்களை அள்ளி அவற்றில் ஏற்றினான். கட்டைவிரலால் தள்ளினால் அடுத்தது வரும், முடிவே கிடையாது. மாலையில் வழக்கமாக வருகிற பத்துப் பதினோரு பேரையும் பத்து நாளைக்கு வராதே என்று சொல்லியாக வேண்டும். சும்மா சொன்னால் கோபித்துக்கொள்வார்கள் என்று ஆளுக்கொரு பலகையைக் கையில் கொடுத்து அனுப்பினான். தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டான்.

தெருவே திருவிழாவுக்குத் தயாராவது மாதிரி ஆகிவிட்டது. முதல் நாள் ஒத்திகையில் மூன்று பேராலும் நாலு நிமிஷம்கூட வாய்மூடி இருக்க முடியவில்லை. பூனை ஒன்று மேசையிலிருந்து விழுந்ததைப் பார்த்து வீரணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "ஏத்தா, இந்தக் கூத்தைப் பாரு" என்று பலகையோடு ஓடிவந்தான்.

"வீடு போயிரும்ங்க. மூலையில உக்காருங்க" என்று அதட்டினாள் ஒச்சம்மா. சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு.

மூன்றாம் நாள் பதினொரு நிமிஷம். ஐந்தாம் நாள் அரை மணி. சிந்தாமணி சுவரில் கோடு போட்டுக் குறித்தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று பேரும் கைதட்டினார்கள். எட்டாம் நாள் ஒரு மணி நேரம் தாண்டியது. அன்றைக்குக் கைதட்ட மறந்துவிட்டார்கள். ஒன்பதாம் நாள் கோடு போடவும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒத்திகை நன்றாகப் படிந்துவிட்டது என்று ஒச்சம்மாவுக்கு நம்பிக்கை வந்தது.

பத்தாம் நாள் மதிப்பாளி உருண்டு வந்தது. மூன்று மூலையில் மூன்று பேர். ஒச்சம்மாவின் நெஞ்சு அடித்த அடி பலகைக்கே கேட்டிருக்கும். உருளைக் கால் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் கட்டைவிரலை மட்டும் பார்த்துக்கொண்டாள். ஒருவன் மீன் வறுத்தான். தள்ளினாள். ஒரு பெண் படியில் ஆடினாள். தள்ளினாள். தகரக் கூரை ஒன்றின் உச்சியில் ஓர் ஆடு ஏறி நின்றது. எப்படி ஏறியது? இனி எப்படி இறங்கும்? ஆடு ஒரு காலை மெல்லத் தூக்கியது.

"ஆய்வு முடிந்தது. போய்வருகிறேன்" என்றது ஒரு குரல்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றது ஒச்சம்மாவின் வாய்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உருளைக் கால் நின்றுவிட்டது. போச்சு. பத்து நாள் பாடும், பன்னிரண்டு வருஷப் பாடும் ஒரு வாய்ச் சொல்லில் போச்சு.

மதிப்பாளி நிதானமாகப் பேசியது. "விருந்துக்கு அழைப்பு, ஒன்று. பதிவு செய்கிறேன். அழைத்தவர் முகத்தை உயர்த்தவில்லை. அழைக்கப்பட்டது யார் என்று பார்க்கவில்லை. எனக்கு வாய் இல்லை என்பதும் அவர் நினைவில் இல்லை. சான்று வீடுகள் மூவாயிரத்திலும் அழைப்பு இவ்வாறே இருக்கிறது. இதைவிட நல்ல சான்று நான் கண்டதில்லை. இது வீடு."

கதவு பச்சையானது.

ஒச்சம்மா எழுந்த வேகத்தில் தலை கூரையில் முட்டியது. வலி தெரியவில்லை. "ஜெயிச்சுட்டோம்ங்க! ஏ சிந்தாமணி, ஜெயிச்சுட்டோம்!" மதிப்பாளி கதவைத் தாண்டி, தெருவைத் தாண்டி மறைந்தது. அறையில் இரண்டு தலைகள் கவிழ்ந்தே இருந்தன. வீரணன் "ம்" என்றான். அவன் கட்டைவிரல் தள்ளியது.

போயிருச்சுங்க, இனி நடிக்க வேண்டாம் என்று அவன் தோளைத் தொட்டுச் சொன்னாள். இதோ, இந்த ஒன்று மட்டும் என்றான்.

அவளால் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. தெருவுக்கு ஓடினாள். எதிர்வீட்டு மூச்சளவியில் ஊதினாள். கதவு திறந்தது. சவரிமுத்து கட்டிலில் கால் நீட்டிக் கிடந்தான். முகத்தில் நீல ஒளி.

"வாக்கா, சாப்பிட்டியா?" என்றான், தலையைத் தூக்காமல்.

அவன் பார்ப்பான் என்று அவள் நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகுதான் தன் கையிலும் பலகை இருப்பது தெரிந்தது. ஓடிவரும்போது அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த ஆடு கூரையிலிருந்து இறங்கியதா என்று பார்த்துவிட்டு, ஜெயித்த கதையைச் சொல்லிக்கொள்ளலாம்.