நீல நண்டுகளின் பி சைடு

அலறல்!

ஆனால் தலைகீழாக.

தேய்ந்து முடிய வேண்டிய குரல், தேய்ந்த இடத்தில் தொடங்கி, ஏறி... ஏறி... உச்சத்தில் வெட்டென்று நின்றது.

சவுண்டு செட் கடையின் பின்னறையில், கிளாட்வின் ஹெட்போனைக் கழற்றாமல் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினான். ஒலியைத் திருப்பிப் போடும் பட்டன்.

இப்போது நேராகக் கேட்டது.

"ரிச்சர்ட்... வேணாம்டா... ஆஆ!"

மிக்கேலின் குரல்!

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் கடலில் குளிக்கப் போய் மூழ்கிவிட்டான் என்று புதுச்சேரியே நம்பிய பாடகன் மிக்கேல்!

கிளாட்வின் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

"நல்லா கேக்குதா தம்பி?"

பின்னாலிருந்து...!

திரும்பினான். கதவு தாழிடப்பட்டிருந்தது. அதன்மேல் சாய்ந்து நின்றார் ரிச்சர்ட். பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. 'நீல நண்டுகள்' இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தவர். மிக்கேல் இறந்த அதே மாதம் குழு கலைந்தது.

"சார்... எப்ப வந்தீங்க?"

"சந்து வழியா. உன் பொண்டாட்டி கடை வாசல்ல ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்கிட்டு இருக்கா. நீ காதை மூடிட்டு இருந்தே. போனைக் குடு நண்பா, மோன் அமி."

கொடுத்தான். அது ரிச்சர்டின் பாக்கெட்டுக்குள் போனது.

"எங்க பாட்டை நெட்ல போட யாருடா பர்மிஷன் குடுத்தா?"

"அப்பாதானே சார் உங்களுக்கு சவுண்டு செட் போட்டாரு... கேசட் எல்லாம் இங்கதான் கெடந்துச்சு. பேண்டே கலைஞ்சிடுச்சு, யாரைக் கேக்கறதுன்னு..."

"உயிரோட இருக்கறவனை!"

மனைவி ரூபியும் போன வாரம் இதையேதான் சொன்னாள். 'இன்னாங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க.' கிளாட்வின் சிரித்தான். இப்போது சிரிப்பு வரவில்லை.

"அந்தக் கேசட்டை நான் அன்னிக்கே அழிச்சேனே! எப்படி...?"

"பாதிதான் சார் அழிஞ்சிருக்கு."

இந்த இடத்தில்தான் ரிச்சர்ட் கோட்டை விட்டிருந்தார். கேசட் நாடாவில் நான்கு தடங்கள் உண்டு. சாதாரண டெக் அதில் இரண்டை மட்டும் படிக்கும். கேசட்டைத் திருப்பிப் போட்டால், எதிர்த்திசையில் ஓடியபடி மற்ற இரண்டைப் படிக்கும். ஏ சைடு, பி சைடு என்பது அவ்வளவுதான். ஆனால் நீல நண்டுகள் ஒத்திகையைப் பதிந்தது வேறு மாதிரி மெஷினில். அது நான்கு தடங்களையும் ஒரே திசையில் பதியும்.

ரிச்சர்ட் அதை வீட்டு டெக்கில் போட்டு, ஏ சைடை மட்டும் அழித்தார். மற்ற இரண்டு தடங்களும் அப்படியே பி சைடில் உட்கார்ந்திருந்தன. தலைகீழாக!

கிளாட்வின் அதற்குத்தான் 'பேய் பாஷை' என்று பெயர் வைத்து யூட்யூபில் போட்டிருந்தான்.

"கேசட்டையே கடல்ல வீசியிருக்கலாமே சார்?"

"உங்கப்பன் குடுத்த கேசட்டை எண்ணித் திருப்பி வாங்குவான்டா! மொதல்ல மைக்கெல்லாம் புடுங்கு. எனக்கும் மிக்சர் தெரியும்."

கிளாட்வின் ஒவ்வொரு மைக்காக உருவினான். ஒலிகளைக் கலக்கும் மிக்சரிலிருந்து ஒரு தடித்த கேபிள் மட்டும் சுவரைத் துளைத்துக் கடைக்குப் போனது. மைக் இல்லாத மிக்சர் வெறும் டப்பா. ரிச்சர்ட் அதை விட்டுவிட்டார்.

"கத்தலாம்னு பாக்கறியா? கத்து! உங்கப்பன் ரெட்டைக் கதவு, ரெட்டைச் சுவர்னு நல்லாத்தான் கட்டியிருக்கான். ஒரு ஈக்கும் கேக்காது."

உண்மை. ஜன்னல்கூடக் கிடையாது. சொந்த அறையே கல்லறை!

ரிச்சர்ட் இரும்பு மைக் ஸ்டாண்டைக் கையில் எடுத்தார்.

"அழி. நெட்ல இருக்கறதையும், கம்ப்யூட்டர்ல இருக்கறதையும்."

"அழிக்கறேன் சார். சரியான ஃபைல்தானான்னு ஒரு தடவை கேட்டுக்கறேன்... ச்சே, சத்தம் வரல."

ஹெட்போன் ஒயரை உருவினான். மிக்சரில் வேறொரு துளையில் செருகினான். ஒரு குமிழை மேலே தள்ளினான். ஹெட்போனை எடுக்காமல் மேஜையிலேயே விட்டான்.

"இன்னாடா நோண்டறே?"

"பழைய சாக்கெட் சார். ரிச்சர்ட் சார்... ஒண்ணு கேக்கட்டா? மிக்கேலை எதுக்கு சார் கொன்னீங்க?"

"நீ வெளிய போய் யார்கிட்ட சொல்லப் போறே?" ரிச்சர்ட் சிரித்தார். "என் ட்யூன்டா அது! என்னைக் கேக்காம மெட்ராஸ் கம்பெனிக்குக் குடுத்துட்டு வந்து நிக்கறான். இதே மாதிரி ஸ்டாண்டுதான். ஒரே அடி! அப்புறம் தேங்காய்த்திட்டு பக்கம் கொண்டு போய்க் கடல்ல தள்ளினேன். மெஷின் ஓடிட்டு இருந்ததை அப்புறம்தான் பாத்தேன்."

"தனியாவா தூக்கினீங்க?"

"என் கார்லதான். கேட்டது போதும். அழி!"

கிளாட்வின் அழித்தான். நெட்டில் இருந்தது போனது. கம்ப்யூட்டரில் இருந்ததும் போனது. கேசட்டை ரிச்சர்ட் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"மெர்சி... ரொம்ப நன்றி, தம்பி."

ஸ்டாண்டு உயர்ந்தது!

விளக்கு அணைந்தது!

கும்மிருட்டு. கிளாட்வின் மேஜைக்கு அடியில் பாய்ந்தான். தலை இருந்த இடத்தில் இரும்பு இறங்கி மானிட்டர் நொறுங்கியது.

"எங்கடா ஒளியறே?"

தடால்!

கதவு பலகையோடு பெயர்ந்து விழுந்தது. தாழிட்ட உள்கதவும் வெளிப்பக்கம்தான் திறக்கும். கீல் ஆணிகள் வெளியேதான் இருக்கும். மெயினை அணைத்துவிட்டு, அவற்றைத் தட்டி எடுத்த சுத்தியலோடு நின்றாள் ரூபி. பக்கத்தில் டார்ச்சோடு இன்ஸ்பெக்டர் அமுதவல்லி, சிவப்புத் தொப்பிக் கான்ஸ்டபிள்கள். பின்னால் தெருவே கூடியிருந்தது.

"கீழ போடுங்க சார்," என்றார் அமுதவல்லி. "மெட்ராஸ் கம்பெனியிலேர்ந்து கார் வரைக்கும் தெருமுனை போலீஸ் அவுட்போஸ்ட்ல உக்காந்தே கேட்டோம்."

"எ... எப்படி? மைக்கெல்லாம் புடுங்க வச்சேனே!"

கிளாட்வின் மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். ஆசையாக விளக்கினான்.

"ஹெட்போனுக்குள்ள ஒரு சின்னத் தோல் அதிரும் சார். கரண்ட் குடுத்தா சத்தம் வரும். அதுல சத்தம் பட்டா கரண்ட் வரும். மைக் சாக்கெட்ல செருகினா அதுவே மைக்! பிள்ளைச்சாவடி மாதா கோயில் தேர்த் திருவிழாவுக்குப் போற அத்தனை பாக்ஸும் வாசல்ல ஆன்ல இருந்துச்சு. உள்ள பேசறது வெளிய கேக்காதுன்னீங்களே... வெளிய அலறுறதும் உள்ள கேக்காது சார்."

ரூபி கணவனின் காதைத் திருகினாள்.

"தெருவே கேக்குற மாதிரி மாட்டிக்கணுமாய்யா உனக்கு? எனக்குப் பாதி உயிரு போச்சு!"

விலங்கு மாட்டப்பட்ட ரிச்சர்ட் பல்லைக் கடித்தார்.

"என்னைக் கேக்காம என் குரலை எப்படிடா வெளிய விட்டே? பர்மிஷன் எங்க?"

கிளாட்வின் அவருடைய சட்டைப் பையிலிருந்து கேசட்டை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான்.

"ரெக்கார்டிங்குக்குத்தான் சார் பர்மிஷன். இது லைவ் ஷோ!"