உச்சியில் வைத்த தீ

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது அவளுக்கு. காலையிலிருந்து மெஷின் ரம்பத்தோடு மல்லுக்கட்டிய கை. மழை இப்போதுதான் விட்டிருந்தது. மரம் ஏற்றிய லாரி சேற்றில் அச்சுவரை புதைந்து நிற்க, அதை இழுக்க டிராக்டர் கொண்டுவரப் போயிருந்தான் அண்ணன். "சாமானைப் பாத்துக்கோ" என்று அவளை மட்டும் விட்டுவிட்டு.

பார்த்துக்கொள்ள வேண்டியது சாமானை மட்டும் இல்லை போலிருக்கிறது... லாரி டிரைவர் ஈரச் சுள்ளிகளைக் குவித்து, கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தான். வந்ததெல்லாம் புகைதான்.

"என்ன சார், கொசு விரட்டுறீங்களா?"

நிமிர்ந்தான். புகையில் சிவந்த கண்கள்... இமையில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. ரம்பம் பிடித்த கை கொஞ்சம் தளர்ந்தது. வலியால்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

"ஒரு டீ போடலாம்னு பாத்தேங்க. சமையல்காரம்மா நீங்கதானே?"

"மரம் அறுக்கிறவ. உங்க லாரியில கிடக்கிறது பூரா நான் அறுத்தது."

"அதான் வண்டி தாங்காம உக்காந்துடுச்சு!"

வந்ததே கோபம்! பட்டுப்போன மரத்திலிருந்து அறுத்துப் போட்ட காய்ந்த கட்டை ஒன்றை உருட்டிவந்து நிமிர்த்தி நிறுத்தினாள். இடுப்பு உயரம். ரம்பம் உறுமியது. உச்சியிலிருந்து நேர் கீழே ஒரு கீறல், அதற்குக் குறுக்கே இன்னொன்று... கேக் வெட்டுவதுபோல. அடியில் ஒரு சாண் மிச்சம் வைத்து நிறுத்தினாள்.

"அடிவரைக்கும் அறுத்தா என்னங்க?"

"நாலாப் பிளந்து விழும். அப்புறம் நீங்க மறுபடியும் உக்காந்து ஊத வேண்டியதுதான்."

கீறல்கள் கூடும் உச்சியில் மரச்சீவலைத் திணித்துப் பற்றவைத்தாள்.

"தீயை மேல வச்சா கீழ எப்படி இறங்கும்?"

"இறங்கும். பொறுமை வேணும்."

கீறல் வழியே காற்று ஏற ஏற, தணல் மெல்ல உள்ளே இறங்கியது. கட்டையின் நெஞ்சுக்குள் செக்கச்சிவந்த வெளிச்சம்... அதன் தலையிலேயே அவனுடைய கெட்டிலை வைத்தாள்.

"டீ நல்லா இருக்குங்க. போட்ட கையும்..."

"கையைப் பத்திப் பேசினா டம்ளரைப் பிடுங்கிடுவேன்."

"டம்ளரைக் கொடுத்துடறேன். பேசிக்கிறேன்."

சிரிப்பு வந்தது. அடக்கினாள். லாரிக்காரன்... அப்பாவும் லாரிதான் ஓட்டினார். வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்ததே இல்லை. வாசலில் நின்று நின்றே அம்மாவுக்குக் கால் வீங்கியது. 'லாரிக்காரனுக்கு மட்டும் உன்னைக் கொடுக்க மாட்டேன்' என்று அம்மா சொன்னபோது, பலமாகத் தலையாட்டியவள் இவள்தான்.

பொழுது சாய, டிராக்டர் வந்தது. சங்கிலி போட்டு ஒரே இழுப்பு, லாரி மேடேறிவிட்டது. இவ்வளவு சுலபமாகவா என்று எரிச்சலாக வந்தது அவளுக்கு.

"அதான் ஏறிடுச்சே, கெளம்புப்பா," என்றான் அண்ணன்.

"கட்டை இன்னும் எரியுதே மச்சான்..."

"யாருக்கு யாருடா மச்சான்?"

அண்ணன் கட்டையைச் சுற்றி வந்தான். குனிந்து கீறலைப் பார்த்தான். ரம்பம் பிடிக்கத் தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

"ரெண்டு டம்ளர் டீக்கு முழங்கால் உயரம் போதுமே? கீறலையும் அகலப்படுத்தலை, காத்து கம்மியாத்தான் ஏறும்... இது மெதுவா விடிய விடிய எரியும். யாரை உக்கார வைக்க அறுத்தே?"

கோபத்தில் அறுத்ததாகத்தான் அவளும் நினைத்திருந்தாள். முகம் சுட்டது. நெருப்பின்மேல் பழியைப் போடலாம்... போடவில்லை.

"இவரைத்தான். இருக்கட்டும்னுதான் அறுத்தேன்."

டிரைவர் சாவியைக் கைக்குள் உருட்டிக்கொண்டு நின்றான்.

"எனக்கும் போக மனசில்லைங்க. ஆனா பொய் சொல்ல மாட்டேன்... மாசத்துல பாதி நாள் ரோட்டுலதான். வர்றேன்னு சொன்ன அன்னைக்கு வண்டி மக்கர் பண்ணினா, பஸ்ஸைப் பிடிச்சு வந்து நிப்பேன்."

"பஸ்ஸும் வரலைன்னா?" என்றாள் அவள்.

"நடந்து வர்றேன். கட்டையை மட்டும் பெருசா அறுத்து வைங்க."

அண்ணன் மிச்ச டீயை ஊற்றிக்கொண்டு, இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். "வீட்டுல யாரு பேசுறது? என்னைப் பாக்காதே... எனக்கு உசுரு முக்கியம்."

அவள் டிரைவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் பாக்கி இருந்தது.