வெள்ளிக்கிழமைதோறும் பழுப்பு

தையல்காரி கொண்டுவந்த பாட்டிலில் தண்ணீரும், அதன் அடியில் ஒரு சிட்டிகைப் பழுப்புத் தூளும் இருந்தன. அதை மேசைமேல் வைத்துவிட்டு, உட்காராமலே சொன்னாள்.

"என் பையனோட மீன் தொட்டியை வீட்டுக்குள்ள இருந்தே ஒருத்தன் கொல்றான் மேடம். ஆள் யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க தண்ணியைப் பார்த்து உறுதி பண்ணிக் கொடுத்தா போதும்."

"ஆள் தெரிஞ்ச பிறகு தண்ணி எதுக்கு?" என்று கேட்டார் பரிசோதகர். குடிநீர் ஆய்வகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிணறு நாறினாலும் மீன் செத்தாலும் அக்கம்பக்கத்தார் அவரிடம்தான் வருவார்கள். பாதிப் பேருக்கு வேண்டியது தண்ணீரின் குற்றம் இல்லை, சொந்தக்காரரின் குற்றம்.

"நீ உட்காரும்மா, முழுசாச் சொல்லு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் நாத்தனார். பரிசோதகரின் கணவருடைய தங்கை. கணவர் போன பிறகு இருவரும் ஒரே வீட்டில். வழக்கு என்றால் அவருக்குச் சோறு வேண்டாம்.

தையல்காரி சொன்னாள். கடல்மீனும் உயிருள்ள பவளமும் வளரும் உப்புநீர்த் தொட்டி. அதை வைத்தது அவள் மகன். பதினான்கு வயதில் சைக்கிளில் போனவன் விபத்தில் சிக்கி, உயிரோடு திரும்பவில்லை. இரண்டு வருடமாக அவள்தான் தொட்டியைப் பார்க்கிறாள். மூன்று மாதமாகத் தொட்டி முழுக்கப் பழுப்பு. புதன்கிழமை காலை துடைத்தால் பளிச்சென்று இருக்கும். வெள்ளி விடிந்தால் மணல், கண்ணாடி, பவளம் எல்லாவற்றின்மேலும் படர்ந்திருக்கும். வெளிச்சம் கிடைக்காமல் பவளங்கள் ஒவ்வொன்றாக வெளுக்கின்றன.

"என் கொழுந்தன்தான். தண்ணி பிடிச்சு வடிகட்டிக் கொடுக்கிறது அவன். கல்யாணம் பண்ணிக்கப் போறான், தொட்டி இருக்கிற ரூம் வேணும்னு கேட்டான். ஞாயித்துக்கிழமைக்குள்ள வீட்டை விட்டுப் போயிடணும்னு சொல்லிட்டேன்."

"இன்னிக்கு வியாழன். வாங்க, இப்பவே போகலாம்" என்று பரிசோதகர் பையை எடுத்தார்.

"கொழுந்தனேதான் அண்ணி. முகத்தைப் பார்க்காமலே சொல்றேன்" என்று கிசுகிசுத்தார் நாத்தனார்.

"போன தடவை பால்காரன்னு சொன்ன. அதுக்கு முன்னாடி அவன் மாடுன்னு சொன்ன. பேசாம வா."

மூன்றாவது மாடி வீடு. வாசலில் தொழிற்சாலைக் காலணிகள் ஒரு ஜோடி, முனையில் கண்ணாடிச் சில்லுபோல் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. கூடத்தில் தையல்காரியின் கணவர் உட்கார்ந்திருந்தார். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பசைப் பிரிவு. மாலை ஷிப்டுக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. கொழுந்தன் தன் துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

மகனின் அறைக் கதவு சாத்தியிருந்தது. "நான் ஒருத்திதான் உள்ள போவேன். கொழுந்தன் வாசல்ல தண்ணிக் கேனை வெச்சிட்டுப் போவான். இவர் ரெண்டு வருஷமா எட்டிக்கூடப் பார்க்கல" என்றாள் தையல்காரி.

உள்ளே தொட்டியும் அதன் முன் ஒரு முக்காலியும். மூலையில் சாப்பிட்ட தட்டு. இடப்பக்கப் பவளம் வெறிச்சென்று கிடந்தது. வலப்பக்கப் பவளத்துக்குள்ளிருந்து ஒரு கோமாளி மீன் எட்டிப் பார்த்தது.

"போன மாசம்தான் இடம் மாறிச்சு. என் பையன் இருந்தப்ப இடப்பக்கம்தான் அதோட வீடு."

பரிசோதகர் ஈர விரலால் கண்ணாடியைத் தேய்த்தார். லேசாகத் துளிர்த்திருந்த பழுப்பு மாவுபோல் விரலோடு வந்தது. "இது டயட்டம். கண்ணுக்குத் தெரியாத பாசி. ஒவ்வொண்ணும் தன்னைச் சுத்திக் கண்ணாடிக் கூடு கட்டிக்கும். கூடு கட்ட சிலிகேட்ங்கிற கண்ணாடிச் சத்து வேணும். புதுத் தொட்டியில வரும், இருக்கிற சிலிகேட்டைத் தின்னுட்டு அதுவா அடங்கிடும். பழைய தொட்டியில வாராவாரம் வந்தா, வாராவாரம் யாரோ சோறு போடுறாங்க."

கொழுந்தன் வடிகட்டி வைத்திருந்த தண்ணீரில் ஒரு குப்பி, உப்புக் கரைசலில் ஒரு குப்பி, தொட்டியில் ஒரு குப்பி எடுத்து, சிலிகேட் இருந்தால் நிறம் காட்டும் மருந்தைச் சொட்டினார். பத்து நிமிடம் காத்திருந்தார்கள். முதல் இரண்டும் நிறம் மாறவில்லை. மூன்றாவது கருநீலமானது.

தொட்டியின் பின்புற விளிம்பில் மூன்று சொட்டுக் கறைகள் இருந்தன. தண்ணீர் தொட்டுத் தேய்த்தார், போகவில்லை. வினிகர் ஊற்றினார், நுரைக்கவில்லை. இரண்டு சொட்டுகள் கண்ணாடியாக இறுகியிருந்தன. மூன்றாவது இன்னும் பிசுபிசுத்தது.

"புதன்கிழமை நீங்க எங்க இருப்பீங்க?"

"தைச்ச துணியைக் கடையில கொடுக்கப் போவேன். மூணு மணி நேரம் ஆகும்."

பரிசோதகர் கூடத்துக்கு வந்து கணவரின் எதிரே உட்கார்ந்தார். "பவளம் தேறும். மீனைப் பத்தித்தான் கவலை" என்றார்.

"அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் கணவர். "வலப்பக்கம் மாறினதுலேர்ந்து நல்லாத்தான் சாப்பிடுது."

நாத்தனார் வாயைத் திறந்தார், பரிசோதகர் கையமர்த்தினார்.

"முதல்ல உங்க கொழுந்தனை விட்டுருங்க" என்றார் தையல்காரியிடம். "அவர் பிடிச்சுக் கொடுத்த தண்ணியில சிலிகேட் இல்ல. உப்புலயும் இல்ல. தொட்டியில மட்டும் இருக்குன்னா, கையால ஊத்தியிருக்காங்க. விளிம்புல இருக்கிற கறை உப்பா இருந்தா தண்ணியில கரையும், சுண்ணாம்பா இருந்தா வினிகர்ல நுரைக்கும். ரெண்டும் இல்ல. காஞ்சா கண்ணாடியாகுற ஒரே பசை சிலிகேட் பசை. அட்டை ஒட்டுற இடத்துல பீப்பாய் பீப்பாயா இருக்கும். வாசல்ல இருக்கிற காலணியிலயும் அதே கறைதான். ஒரு சொட்டு இன்னும் ஈரமா இருக்கு, நேத்து விழுந்தது. நேத்து புதன்." கணவரைப் பார்த்தார். "உங்களுக்கு வார லீவு என்னிக்கு?"

"புதன்" என்றார் அவர்.

"எட்டிப் பார்க்காதவருக்கு மீன் இடம் மாறினது தெரிஞ்சிருக்கு. அது மட்டும் இல்ல. அந்தப் பசையை மொத்தமா ஊத்தியிருந்தா மீன் அன்னிக்கே செத்திருக்கும். நீங்க சொட்டுச் சொட்டா விட்டிருக்கீங்க. கெடுக்க நினைச்சவருக்குக் கொல்ல மனசு வரல."

தையல்காரி கணவரைப் பார்த்தாள். திட்டவில்லை. "எதுக்குங்க?" என்றாள்.

"நீ சாப்பிடுறதும் அங்க, தூங்குறதும் அங்க. நான் செத்துக் கிடந்தாக்கூட உனக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும். தொட்டி அசிங்கமாயிட்டா வெறுத்துப்போய் வெளிய வந்துருவன்னு நினைச்சேன்." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "ஊத்த அஞ்சு நிமிஷம் போதும். ஆனா நீ வர்ற வரைக்கும் முக்காலியில உட்கார்ந்திருப்பேன். மீனுக்குச் சாப்பாடு போடுவேன்."

"நான் பொட்டி கட்டுறப்பவும் பார்த்துட்டுத்தான இருந்தீங்க" என்றான் கொழுந்தன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ணே."

தையல்காரி பெட்டியிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"இனிமே ஊத்தலன்னா எத்தனை நாள்ல போகும்?" என்று கேட்டாள்.

"ஆறு வாரம். இருக்கிறது தீர்ற வரைக்கும் வரும். துடைச்சுக்கிட்டே இருக்கணும்."

தையல்காரி கணவரிடம் திரும்பினாள். "சட்டையை மடிச்சு விடுங்க. நீங்கதான் துடைக்கணும்."

இரண்டு வருடத்தில் முதன்முறையாக, அவள் இருக்கும்போதே அவர் அந்த அறைக்குள் போனார். தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டார். நாத்தனார் வாசலில் நின்றபடி மூக்கை உறிஞ்சினார். பரிசோதகர் குப்பிகளைக் கழுவி அடுக்கினார்.

"அந்தப் பாறையைத் தேய்க்காதீங்க" என்றாள் தையல்காரி. "பவளத்துக்கு அடியில கையை விட்டுப் பாருங்க. அதை ஒட்டுறதுக்கு நம்ம பையன் பிசினை மாவு மாதிரி பிசைஞ்சு வெச்சு அமுக்கியிருக்கான். ஒரு குழி இருக்கும்."

அவர் தடவினார். "ஆமா. என்ன அது?"

"அவன் கட்டைவிரல் தடம்."

அவர் கை அங்கேயே நின்றது. வெகுநேரம் முயன்றார். அவருடைய தடித்த விரல் அந்தக் குழிக்குள் போகவில்லை.